டிரைவ் ஷாஃப்ட் கழலாமல் காப்பது எப்படி? ராக் கிராலர் ஓட்டுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பாறையின் பாதி உயரத்தில் ராக் கிராலர், அதாவது பாறை ஏறுவதற்கென்றே செய்த ரிமோட் பொம்மை வண்டி, நிற்கிறது. ரிமோட்டை அழுத்தினால் மோட்டார் உறுமுகிறது, பின்சக்கரங்கள் சுழல்கின்றன, முன்சக்கரங்கள் மட்டும் தங்களுக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் கிடக்கின்றன. குனிந்து பார்த்தால், மோட்டாரின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் முன் டிரைவ் ஷாஃப்ட் ஒரு முனையில் தொங்குகிறது. அதைப் பிடித்துவைத்திருந்த, நெல்மணியைவிடச் சற்றே பெரிய திருகைக் காணவில்லை.

அடுத்து பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். புதுத் திருகு, அதன்மேல் தாராளமாகத் திருகுப் பசை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முறுக்கு. நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன். ஒரே ஷாஃப்டின் ஒரே முனையில் நான்கு முறை திருகு போனது. ஐந்தாம் முறை, தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், இன்னும் பெரிய திருகு போட மரை வெட்டித் தரும்படி கேட்டேன். பட்டறைக்காரர் ஷாஃப்டை வாங்கி விரலால் ஆட்டிப் பார்த்தார். “சுவரே ஆடுகிறது தம்பி, ஆணியை மாற்றி என்ன பயன்?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மரை கழன்றது எனக்குத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

இந்த வழிகாட்டி அவர் சொன்ன வரிசையில்தான் போகிறது. முதலில் சுவர், அதாவது நீளம், கோணம், துளை. பிறகுதான் ஆணியும் பசையும். அவசரக்காரர்கள் பசைப் பகுதிக்கு நேரே தாவலாம். ஆனால் அடுத்த மாதம் இங்கேயே திரும்பி வருவார்கள்.

எது எதைப் பிடிக்கிறது

உண்மையான வண்டியில் 10-இல் ஒரு பங்கு அளவுள்ள கிராலர்களில் கியர் பாக்ஸ் வண்டியின் நடுப்பகுதியில் இருக்கும். அங்கிருந்து முன் ஆக்சிலுக்கு ஒன்று, பின் ஆக்சிலுக்கு ஒன்று என இரண்டு டிரைவ் ஷாஃப்டுகள். ஒவ்வொன்றும் ஒன்றினுள் ஒன்று சறுக்கும் இரண்டு துண்டுகளால் ஆனது. சக்கரம் ஏறி இறங்கும்போது கியர் பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையிலுள்ள தூரம் மாறுவதால் ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சறுக்கு. இரு முனைகளிலும், வளைந்து நின்றபடியே சுழலக்கூடிய இணைப்பான யூ-ஜாயிண்ட் இருக்கும். அதன் வெளிப்புறக் கப்ளிங், கியர் பாக்ஸிலிருந்தோ ஆக்சிலிலிருந்தோ நீட்டிக்கொண்டிருக்கும் எஃகுத் தண்டின்மேல் செருகி உட்காரும். பெரும்பாலான 10-இல் ஒரு பங்கு வண்டிகளில் அந்தத் தண்டின் விட்டம் 5 மி.மீ.

கப்ளிங்கைத் தண்டோடு பிடித்துவைக்க இரண்டு ஏற்பாடுகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, தலையில்லாத கிரப் ஸ்க்ரூ. தண்டின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். கிரப் ஸ்க்ரூவின் முனை அந்தத் தட்டை முகத்தில் அழுந்தி நிற்கும். மற்றொன்று, ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 வகை வண்டிகளில் வருவதுபோன்ற ஊசித் திருகு. இதில் தண்டின் குறுக்கே ஒரு துளை இருக்கும். திருகின் தலைப்பக்கம் மரையாகவும் முனைப்பக்கம் வழவழப்பான ஊசியாகவும் இருக்கும். அது தண்டைத் துளைத்துக்கொண்டு போய்க் கப்ளிங்கின் எதிர்ச்சுவரில் உட்காரும்.

யூ-ஜாயிண்டின் உள்ளேயும் ஒரு குறுக்கு ஊசி உண்டு. சில எஃகு ஷாஃப்டுகளில் அதையும் ஒரு குட்டிக் கிரப் ஸ்க்ரூதான் காவல் காக்கும். ‘திருகெல்லாம் இருக்கிறது, ஆனாலும் ஷாஃப்ட் கழன்றுவிட்டது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த ஊசியைத்தான்.

அந்தச் சின்னத் திருகு தாங்கும் பாரம்

ஒரு சின்னக் கணக்கு. வண்டி 2.5 கிலோ, சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 120 மி.மீ. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் எடைக்குச் சமமான இழுவிசையை ஒரே ஆக்சில் கொடுக்க வேண்டிவந்தால், சக்கரத்தில் ஏறக்குறைய 25 நியூட்டன் விசையும் 1.5 நியூட்டன் மீட்டர் முறுக்கும் இருக்கும். ஆக்சிலின் கியர் விகிதம் 3.75 என்றால் ஷாஃப்டுக்கு வருவது 0.4 நியூட்டன் மீட்டர். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் இந்த முறுக்கு 5 மி.மீ. தண்டின் விளிம்பில், வெறும் 2.5 மி.மீ. ஆரத்தில் வேலை செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூவின்மேல் அது 160 நியூட்டன், அதாவது 16 கிலோ எடைக்குச் சமம். இருபுறமும் பிடிக்கும் ஊசித் திருகானால் ஒவ்வொரு பக்கமும் அதில் பாதி. சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை வெட்டி வெட்டி அடித்தால் இந்தப் பாரம் தள்ளும் விசையாக வருவதில்லை, சம்மட்டி அடியாக வந்து விழுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஊசித் திருகு கிரப் ஸ்க்ரூவைவிட இயல்பிலேயே நல்ல ஏற்பாடு. ஷாஃப்ட் வாங்கும்போது தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். இரண்டாவது, ஆக்சிலுக்குள் குறைப்பு அதிகமாக இருக்க இருக்க ஷாஃப்டுக்கு நிம்மதி. டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற போர்ட்டல் ஆக்சில் வண்டிகளில் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கியர் குறைப்பு இருப்பதால், அவற்றின் ஷாஃப்டுகள் வேகமாகச் சுற்றினாலும் குறைந்த முறுக்கையே சுமக்கின்றன. அதே மோட்டாரைப் போர்ட்டல் இல்லாத வண்டியில் மாட்டிவிட்டு, ‘அங்கே கழலாதது இங்கே ஏன் கழல்கிறது’ என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

ஆனால் திருகு கழல்வதற்குக் காரணம் இந்தப் பாரத்தின் அளவு மட்டும் அல்ல, அது திசை மாறிக்கொண்டே இருப்பதும்தான். முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று கிராலர் ஓட்டுவதே அப்படித்தான். 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஓர் ஆய்வை வெளியிட்டார். இறுக்கிப் பிடிக்கப்பட்ட இரண்டு பாகங்கள் பக்கவாட்டில் சிறிதளவு சறுக்கினாலே போதும், நன்றாக முறுக்கிய திருகும் தானாகச் சுழன்று கழன்றுவிடும் என்று அதில் காட்டினார். பட்டறைக்காரர் சொன்ன ஆடும் சுவர் இதுதான். கப்ளிங் தண்டின்மேல் ஒரு மயிரிழை ஆடினாலும் ஒவ்வொரு முன்-பின் அசைவும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும்.

முதல் வேலை: எங்கே கழல்கிறது?

வண்டியை ஒரு பெட்டியின்மேல் ஏற்றி, நான்கு சக்கரங்களும் காற்றில் தொங்கும்படி வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒரு ஷாஃப்டின் நடுப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். பிறகு மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் எங்கே தெரிகிறது என்று கண்ணாலும் விரலாலும் தேடுங்கள். கப்ளிங் தண்டின்மேல் ஆடுகிறதா, யூ-ஜாயிண்டின் ஊசித் துளை அகன்றிருக்கிறதா, சறுக்கும் இரு துண்டுகளுக்கு நடுவே தளர்வா, அல்லது ஷாஃப்ட் சரியாக இருந்து கியர் பாக்ஸின் தண்டே பேரிங்கோடு சேர்ந்து ஆடுகிறதா? கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. பேரிங் போயிருந்தால் அதன்மேல் எந்தத் திருகைப் போட்டாலும் நிற்காது.

எந்த முனை கழன்றது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எப்போதும் முன் ஷாஃப்டின் ஆக்சில் முனையே கழன்றால் கோணத்தைச் சந்தேகியுங்கள். எப்போதும் பின் ஷாஃப்ட் என்றால் நீளத்தை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடம் என்றால், மன்னிக்கவும், உங்கள் பசை போடும் முறையில்தான் கோளாறு.

நீளம்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். வெறுப்பேற்றும் வேலைதான், ஆனால் கழலும் ஷாஃப்டுகளில் பாதி இங்கேயே குணமாகிவிடும் என்பது என் அனுபவம்.

அதிர்வு தாங்கும் ஷாக்குகளின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு ஆக்சிலைக் கையால் மேலும் கீழும் கொண்டுபோங்கள். ஷாக் முழுதாக நீண்டால் ஆக்சில் எவ்வளவு கீழே போகுமோ அதுவரை மட்டும். அதற்கும் கீழே இழுத்து அளப்பது வீண். ஷாஃப்ட் மிக அதிகமாக நீளும் நிலையைக் கண்டுபிடியுங்கள். அது எப்போதும் ஆக்சில் நேராகத் தொங்கும் நிலையாக இருக்காது. எஸ்சிஎக்ஸ்10 டூ போன்ற வண்டிகளில் ஆக்சிலின் கியர் உருண்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். ஆகவே ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போகும்போது அந்த உருண்டையும் ஏறி இறங்கும். இடப்பக்கம் தூக்கி ஒருமுறை, வலப்பக்கம் தூக்கி ஒருமுறை, இரண்டையும் பாருங்கள்.

மிக நீண்ட நிலையில், உள்துண்டு வெளிக்குழாய்க்குள் எவ்வளவு இருக்கிறது? ஷாஃப்டைக் கழற்றி, அதே நீளத்துக்கு இழுத்துவைத்து, குழாயின் வாய் இருக்கும் இடத்தில் உள்துண்டின்மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு உருவிப் பார்த்தால் உள்ளே இருந்த பகுதி தெரியும். அது உள்துண்டின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 10-இல் ஒரு பங்கு வண்டியில் 10 மி.மீ.க்குக் கீழே போனால் நான் ஏற்பதில்லை. அதற்குக் குறைந்தால் ஷாஃப்ட் நடுவில் வளைந்து நெளியும். அந்த நெளிவு முழுக்க முனையிலுள்ள திருகின் தலையில்தான் விடியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆக்சிலை முழுவதும் மேலே தள்ளினால் ஷாஃப்ட் சுருங்கும். உள்துண்டு குழாயின் அடியில் போய் முட்டினால், அடுத்த குதிப்பில் ஷாஃப்ட் ஓர் உலக்கையாகி கியர் பாக்ஸ் தண்டை இடிக்கும். மிகச் சுருங்கிய நிலையிலும் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் உள்துண்டின் நுனியை அந்த அளவுக்கு மட்டும் அறுத்து, பிசிரை அரத்தால் தேய்த்துவிடுங்கள். அறுப்பதற்கு முன் நீண்ட நிலை அளவை இன்னொருமுறை பாருங்கள். அறுத்த துண்டு திரும்ப ஒட்டாது.

வண்டியின் வீல்பேஸை, அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை, மாற்றியவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எஸ்சிஎக்ஸ்10 டூவின் வீல்பேஸ் 313 மி.மீ. டிஆர்எக்ஸ்-4 டிஃபெண்டரின் 324 மி.மீ. மேல்கூண்டுக்குப் பொருந்தட்டும் என்று, ஆக்சிலை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் பின் லிங்குகளை நீட்டி முன்னதைப் பின்னதாக்கினால், பின் ஷாஃப்ட் 11 மி.மீ. கூடுதலாக நீண்டு நிற்கும். அதாவது உள்ளே இருக்க வேண்டிய பிடி மொத்தமும் வெளியே வந்துவிட்டது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

மாட்டும் திசை பற்றி ஒன்று. ஷாஃப்ட் கியர் பாக்ஸிலிருந்து ஆக்சிலை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. பருத்த வெளிக்குழாயைக் கியர் பாக்ஸ் பக்கம் மாட்டினால் அதன் வாய் கீழ்நோக்கி இருக்கும்; மணலும் நீரும் உள்ளே தங்காமல் வெளியே வரும். தலைகீழாக மாட்டினால் அது கிண்ணமாகிவிடும். மணல் கெட்டித்துப்போன குழாய்க்குள் உள்துண்டு சறுக்காது.

கோணம்

யூ-ஜாயிண்டுக்கு ஒரு பழைய குறை உண்டு. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான ஜிரோலாமோ கார்டானோவின் பெயராலும் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயராலும் வழங்கப்படும் இந்த இணைப்பு, வளைந்து நிற்கும்போது சீராகச் சுழலாது. ஒரு பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். கோணம் 30 பாகை என்றால் வெளிவரும் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையில் ஊசலாடும். 10 பாகையில் இந்த ஊசலாட்டம் இருபுறமும் ஒன்றரை விழுக்காடுதான். கோணம் ஏற ஏறத் தொல்லை எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று பாருங்கள். ஷாக்கை நீட்டி வண்டியை உயர்த்தியவர்கள் ஷாஃப்டின் கோணத்தையும் சேர்த்தே உயர்த்திவிடுகிறார்கள்.

இரு முனைகளிலும் யூ-ஜாயிண்ட் இருப்பதால் ஒன்றின் ஊசலாட்டத்தை மற்றது சமன் செய்துவிடும். ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள், அதாவது கவைபோல் பிளந்த அந்த முனைகள், ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மேசைமேல் ஷாஃப்டைப் படுக்கவைத்தால் இரண்டு கவைகளும் ஒன்றுபோலத் தட்டையாகப் படுக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது உருவி, திரும்பச் செருகும் அவசரத்தில் கால் சுற்றுத் தள்ளிச் செருகிவிட்டால் ஒரு கவை படுக்கும், ஒன்று நிற்கும். அப்போது இரண்டு ஊசலாட்டங்களும் சமன்படாமல் கூடிக்கொள்ளும். வண்டி சமதரையில் ஓடும்போதே ‘விர்ர்’ என்று அதிர்ந்தால் முதலில் இதைப் பாருங்கள். காசு செலவில்லாத ஒரே பழுதுபார்ப்பு இதுதான். சரியாகச் சேர்ந்த நிலையில் இரண்டு துண்டுகளின்மேலும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடுங்கள்.

பிறகு ஆக்சிலை முழுவதும் கீழே இறக்கி, ஷாஃப்டைக் கையால் மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது யோக்கும் கப்ளிங்கும் ஒன்றையொன்று முட்டி ‘டக்’ என்று நிற்கிறதா? அப்படி முட்டும் ஷாஃப்டை மோட்டார் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நெம்புகோல் போட்டுத் திருகைப் பிடுங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஷாக்கின் உள்ளே சிறு குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டு அது நீளும் தூரத்தைக் குறைப்பது எளிய வழி. மேல் லிங்கின் நீளத்தை மாற்றி ஆக்சிலின் மூக்கைக் கியர் பாக்ஸை நோக்கிச் சற்று நிமிர்த்துவது அடுத்த வழி. முன் ஆக்சிலில் அப்படி நிமிர்த்தினால் ஸ்டீயரிங்கின் காஸ்டர் கோணமும், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வும், கெடும். அங்கே நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

தண்டும் துளையும்

இப்போது கப்ளிங்கைத் தண்டிலிருந்து முழுவதும் கழற்றுங்கள். தண்டைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

கிரப் ஸ்க்ரூ வகையானால் தட்டை முகம் உண்மையிலேயே தட்டையாக இருக்கிறதா? திருகு பலமுறை கழன்று ஆடியிருந்தால் அங்கே பிறை வடிவக் குழியும் அதன் ஓரத்தில் மேடும் உருவாகியிருக்கும். புதுத் திருகு அந்தக் குழியின் சரிவில் உட்கார்ந்து, ஓட ஓட நகர்ந்து தளரும். சின்ன அரத்தால் மேட்டைச் சீவுங்கள். தட்டை முகமே இல்லாத உருண்டைத் தண்டு என்றால் அரை மி.மீ. ஆழத்துக்கு நீங்களே ஒன்றை உருவாக்கலாம். தண்டு கடினப்படுத்திய எஃகாக இருந்தால் சாதாரண அரம் வழுக்கிக்கொண்டு போகும். வைர அரம் தேவைப்படும். சீவுவதற்கு முன் பேரிங்கின்மேல் ஈரத் துணியைச் சுற்றிவிடுங்கள். எஃகுத்தூள் பேரிங்குக்குள் போனால் அடுத்த கட்டுரை அதைப் பற்றியதாக இருக்க வேண்டியிருக்கும்.

ஊசித் திருகு வகையானால் தண்டின் துளை வட்டமாக இருக்கிறதா, முட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். திருகைத் துளையில் செருகி அசைத்தால் தெரிந்துவிடும். இலேசான தளர்வு இயல்பு. கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் அந்தத் தண்டையோ கப்ளிங்கையோ மாற்றத்தான் வேண்டும். பசையால் இட்டு நிரப்ப முடியாது. திருகின் நீளத்தையும் பாருங்கள். ஊசி முனை எதிர்ச்சுவரின் துளைக்குள் போய் உட்கார வேண்டும். குட்டையாக இருந்தால் பாரம் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் விழுந்து ஊசி ஒடியும். நீண்டு வெளியே துருத்தினால் லிங்கில் உரசும்.

வேறு வண்டியின் திருகை ‘மரை ஒன்றுதானே’ என்று போடுவது இங்கேதான் வினையாகிறது. மரை ஒன்றாக இருக்கலாம், ஊசியின் விட்டமும் நீளமும் வேறாக இருக்கும்.

திருகின் தலைக்குழியையும் சோதியுங்கள். எம்3, அதாவது 3 மி.மீ. மரையுள்ள, கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. ஆலன் கீ, எம்4-க்கு 2 மி.மீ. அங்குல அளவில் கிடைக்கும் 5/64 கீ 1.98 மி.மீ. இருப்பதால் எம்4-இல் போய்ப் பொருந்துவதுபோலவே தோன்றும். அந்த இழையளவு இடைவெளி போதும், குழி உருண்டையாகிவிடும். பெட்டியோடு இலவசமாக வரும் வளைந்த கீயை நான் தொடுவதே இல்லை. நல்ல எஃகு முனையுள்ள ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, 1.5-க்கும் 2-க்கும், வாங்கிவிடுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் நான் செலவழித்ததில் வருந்தாத காசு அது.

பசை

திருகுப் பசையின் இரகசியம் விநோதமானது. பல பசைகள் காற்றில் காயும்; இது காற்று இல்லாத இடத்தில், உலோகம் தொட்டால்தான் இறுகும். 1950-களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவே லாக்டைட் ஆயிற்று. புதுப் புட்டியைத் திறந்தால் பாதிதான் நிரம்பியிருப்பதைப் பார்த்துக் கடைக்காரரைச் சந்தேகிக்காதீர்கள். பசை திரவமாகவே இருக்க அந்தக் காற்று தேவை.

எந்தப் பசை? நிறத்தைவிட எண்ணைப் பாருங்கள், நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். லாக்டைட் வரிசையில் 222 ஊதா நிறம், குறைந்த பிடி, சின்னத் திருகுகளுக்கானது. 242, 243 நீல நிறம், நடுத்தரப் பிடி. இவற்றில் 243 இலேசான எண்ணெய்ப் பிசுக்கைப் பொறுத்துக்கொள்ளும். 271 சிவப்பு, கிட்டத்தட்ட நிரந்தரம். எம்4 ஊசித் திருகுக்கும் எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கும் என் தேர்வு 243. 24-இல் ஒரு பங்கு குட்டி வண்டிகளின் பொடித் திருகுகளுக்கு 222. சிவப்பைத் தொடாதீர்கள். அதைக் கழற்ற ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் சூடு தேவை; அதற்குள் பிளாஸ்டிக் யோக் உருகிவிடும், 1.5 மி.மீ. குழியும் வழுக்கிவிடும்.

போடும் முறை. திருகு புதிதாக இருந்தாலும் அதன்மேல் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கி எடுத்து உலர விடுங்கள். கப்ளிங்கின் மரையை அதே ஆல்கஹாலில் நனைத்துத் திரித்த துணி நுனியால் துடையுங்கள். அங்கே பழைய பசையின் வெண்பொடி ஒட்டியிருந்தால் ஊசியால் சுரண்டி எடுங்கள். பெரும்பாலோர் திருகை மட்டும் துடைத்துவிட்டுத் துளையை விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் துளையில் இருந்தாலும் எண்ணெய்தான்.

புட்டியின் மூக்கால் நேரே போடாதீர்கள். ஒரு மூடியில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி முனையால் தொட்டு, மரையின்மேல் மட்டும் தடவுங்கள். ஊசி முனையில் வேண்டாம். கப்ளிங் பேரிங்குக்கு அருகில் இருக்கும். வழிந்த பசை பேரிங்குக்குள் புகுந்தால் அங்கேயும் காற்று இல்லை, உலோகம் இருக்கிறது, ஆகவே அங்கேயும் இறுகும். வழிந்ததை உடனே துடையுங்கள்.

கப்ளிங் பிளாஸ்டிக்காக இருந்து மரையும் பிளாஸ்டிக்கிலேயே வெட்டப்பட்டிருந்தால் இந்தப் பசை ஒழுங்காக இறுகாது. தவிர ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்றவற்றை அது விரிசல் விடச் செய்யும். வண்டியின் கூண்டு பாலிகார்பனேட் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் மரைக்குக் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பில் ஒரே ஒரு சுற்று போதும். அதுவும் நிற்கவில்லையென்றால் மரை தேய்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள். சூப்பர் குளூ போடுபவர்களும் இருக்கிறார்கள். அது நொறுங்கும் தன்மையுடையது, அதிர்ச்சியில் பொடியாகும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முறுக்குதல், குறியிடுதல்

தட்டை முகத்தையோ துளையையோ கப்ளிங்கின் துளைக்கு நேரே கொண்டுவாருங்கள். திருகை விரலால் இரண்டு மூன்று சுற்றாவது ஏற்றிய பிறகே டிரைவரை எடுங்கள். கோணலாக ஏறினால் கப்ளிங் பாழ். தொட்டு நின்றதும் கப்ளிங்கை முன்னும் பின்னும் இலேசாகத் திருப்பிக்கொண்டே முறுக்குங்கள். கிரப் ஸ்க்ரூவின் முனை தட்டை முகத்தின் நடுவைத் தானே தேடிக்கொள்ளும், திடீரென்று கால் சுற்று கூடுதலாக ஏறும். அதைத்தான் எதிர்பார்த்தோம். பிறகு மணிக்கட்டு பலத்தால் ஒரு முறுக்கு. தோள் பலம் வேண்டாம்.

இறுக 24 மணி நேரம் கொடுங்கள். பத்து, இருபது நிமிடத்தில் கையால் அசையாத அளவுக்குப் பிடித்துவிடும், ஆனால் முழு வலிமை அப்போது வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டிவிட்டு மாலையில் பாறைக்குப் போகிறவரின் பசை பாதி வெந்த சோறு.

மறுநாள், திருகின் தலையிலிருந்து கப்ளிங் வரை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு. பளிச்சென்ற சிவப்பு நல்லது. திருகு சற்றே திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். வீட்டில் நெயில் பாலிஷ் இருந்தால் கேட்டு எடுங்கள். கேட்காமல் எடுப்பது கழன்ற ஷாஃப்டைவிடப் பெரிய பிரச்சினை.

உருண்டையான எஃகுக் கப்ளிங் என்றால், அதன்மேல் மின்கம்பிக்குப் போடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் ஒரு துண்டைச் செருகிச் சூடு காட்டலாம். அது திருகின் வாயையும் குறுக்கு ஊசியின் இரு முனைகளையும் மூடிக்கொள்ளும். திருகு தளர்ந்தாலும் கீழே விழாது. யூ-ஜாயிண்ட் வளையும்போது அந்த உறை முட்டாதபடி ஒட்ட வெட்டுங்கள். இது தளர்வதைத் தடுக்காது, தொலைவதை மட்டும் தடுக்கும். உறைக்குள் திருகு ஆடிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது என்பதால், கோடு போட்டுப் பார்ப்பதையே நான் விரும்புகிறேன். யூ-ஜாயிண்ட் ஊசிக்கு மட்டும் உறை.

பாறையில்

மாட்டிய பின் முதல் ஓட்டத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி வண்டியைக் கவிழ்த்துக் கோட்டைப் பாருங்கள். இரண்டு பேட்டரி தீரும்வரை கோடு உடையாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒருமுறை பார்த்தால் போதும். தண்ணீரில் ஓட்டினால் வீடு திரும்பியதும் சறுக்குக் குழாயை உருவித் துடையுங்கள். கவைகள் ஒரே தளத்தில் இருக்கும்படி திரும்பச் செருக மறக்க வேண்டாம்.

‘டிக், டிக்’ என்ற ஓசை வந்தால் உடனே நிறுத்துங்கள். ‘இந்தப் பாறை மட்டும் ஏறிவிட்டு’ என்ற ஆசைதான் ஆபத்து, முக்கியமாக இறக்கத்தில். ரிமோட்டை விட்டதும் வண்டி அப்படியே நிற்பது மோட்டாரின் டிராக் பிரேக்கால். அந்தப் பிடி சக்கரத்துக்குப் போகும் ஒரே பாதை டிரைவ் ஷாஃப்ட். தலைகீழாக இறங்கும்போது எடை முழுவதும் முன்சக்கரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் முன் ஷாஃப்ட் கழன்றால், எடை சுமக்கும் சக்கரத்துக்கே பிரேக் இல்லாமல் போகிறது. பின்சக்கரங்கள் இழுபட்டபடியே வண்டி கீழே போகும்.

பையில் இருக்க வேண்டியவை: அந்த இரண்டு டிரைவர்கள், நான்கு மாற்றுத் திருகுகள், ஒரு மாற்று யூ-ஜாயிண்ட் ஊசி, ஒரு துண்டுத் துணி. பசையும் வேண்டுமானால் இருக்கட்டும், ஆனால் வெயிலில் புழுதியோடு போட்ட பசையை நம்பாதீர்கள். வீட்டுக்கு வந்து கழற்றித் துடைத்து மறுபடி போடுங்கள். மாற்றுத் திருகு இல்லையென்றால் கழன்ற ஷாஃப்டை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். ஒரு முனையில் தொங்கவிட்டு ஓட்டினால் அது சாட்டைபோல் சுழன்று லிங்கையும், ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரின் வயரையும் வெட்டும். மீதமிருக்கும் ஷாஃப்டில் இருசக்கர இயக்கத்தோடு நிதானமாக வெளியே வந்துவிடலாம்.

இன்னொன்றும் பையில் வையுங்கள்: ஒரு சிறு காந்தம், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி. திருகு எஃகு என்பதால் மணலில் விழுந்தாலும் காந்தத்தை மேலாக ஓட்டினால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆற்று மணலிலும் கருமணலிலும் இரும்புத் துகள்கள் மொய்க்கும். வெறும் காந்தமானால் தாடி முளைத்ததுபோல் ஆகிவிடும், சுரண்டி எடுக்கவே முடியாது. பைக்குள் இருந்தால் காந்தத்தை உள்ளிருந்து விலக்கியதும் மணல் கொட்டிவிடும். கொட்டும் மணலைக் கையிலேந்திப் பாருங்கள், திருகு அதில்தான் இருக்கும்.